ஏப்ரல் 21 அறிக்கையும் குத்பாவும்: சடங்காகப் போகாமல் எப்படிச் செய்வது?

மாளிகைக்காட்டான் (கேள்வி)

அஸ்ஸலாமு அலைக்கும். மற்ற உறவுகளுக்கு வணக்கம்.

கல்முனைப் பக்கத்தில ஒரு பள்ளிவாசல் நிர்வாகமும் இளைஞர் கழகமும் சேர்ந்து வாற ஏப்ரல் 21-க்கு (2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பின்ட நினைவுநாளுக்கு) ஏதாவது உருப்படியாச் செய்ய யோசிக்கிறம். கையில ஐந்து கிழமை, ஆறு பேர், இருபத்தையாயிரம் ரூபா இருக்கு. வழக்கமா நடக்கிறது தெரியும்தானே: லெட்டர்ஹெட்டில நாலு பந்தி, "இஸ்லாம் சமாதான மார்க்கம்" எண்டு ஒரு வரி, பேஸ்புக்கில போட்டா நம்மட ஆக்களே லைக் பண்ணுவாங்க. கீழ ஒருத்தர் வந்து "இவ்வளவு நாளும் எங்க இருந்தீங்க?" எண்டு கேட்பார். முடிஞ்சுது.

கேட்க வந்தது மூண்டு விசயம். அறிக்கையை எப்படி எழுதினா பத்திரிகையில வரும், தமிழ், சிங்கள ஆக்களும் வாசிப்பாங்க? அந்தக் கிழமை குத்பாவில (வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில) எதைச் சொல்லவேணும், எதைச் சொல்லக்கூடாது? மூண்டாவது, முஸ்லிம் கடை, முஸ்லிம் டொக்டர், ஹபாயா எண்டு கிளப்பிவிடுற கதைகளுக்கு ஆறு பேரால என்ன செய்ய ஏலும்? பொதுவான புத்திமதி வேண்டாம், செய்முறையா சொல்லுங்க.

---

செய்திமேசை_மட்டுநகர்

வணக்கம் தம்பி. அறிக்கைக்கு மட்டும் சொல்றன், குத்பா எனக்குரிய இடமில்லை.

முதல் குறை எழுத்துருவில தொடங்குது. பாமினியில அடிச்சு, அச்செடுத்து, கையெழுத்தும் றப்பர் முத்திரையும் வைச்சு, அதைப் போனில படம்பிடிச்சு வட்ஸ்அப்பில அனுப்புறது. மேசையில இருக்கிறவர் அதை முதல் எழுத்திலிருந்து திரும்ப அடிக்கவேணும். பின்னேரம் ஐந்து மணிக்கு அப்படிப் படங்கள் குவிஞ்சு கிடக்கும். உங்கட படத்தில பாதிக்கு மேல முத்திரை விழுந்திருந்தா அடுத்ததுக்குப் போயிடுவார். யூனிகோடில அடிச்சு மின்னஞ்சலுக்குள்ளயே நேரா ஒட்டுங்க. கையெழுத்து வைச்ச கடிதத்தை இணைப்பா மட்டும் வையுங்க. கீழ இரண்டு பேருடைய முழுப்பெயர், பதவி, போன் இலக்கம். பின்னேரம் மூண்டு மணிக்கு முன்ன போகவேணும், அந்த இரண்டு பேரும் அண்டைக்குப் போனை எடுக்கவேணும். "நிர்வாகத்தினர்" எண்டு கையெழுத்து வைச்ச அறிக்கைக்கு ஆள் இல்லை எண்டுதான் அர்த்தம். "பயந்திட்டாங்க" எண்டு வாசிப்பாங்க, வேற மாதிரி இல்லை.

நீளம் இருநூறிலிருந்து இருநூற்றைம்பது சொல். முதல் வசனத்திலயே யார், எதை, எங்க எண்டு வந்திடவேணும். "அண்மைக்காலமாக உலகின் பல பாகங்களிலும்" எண்டு தொடங்கினா அதோட கதை முடிஞ்சுது. அண்டைக்கு மட்டக்களப்பில குண்டு வெடிச்ச சீயோன் தேவாலயத்தின்ட பெயரைச் சொல்லுங்க. மட்டக்களப்பில எந்த வீட்டுக்கும் அந்தப் பெயர் கேட்டா என்ன செய்யும் எண்டு தெரியும். அதைச் சொல்லாம சுத்திப் போனா அது மட்டும்தான் ஆக்களின்ட கண்ணில படும்.

கண்டனப் பந்திக்குள்ள "ஆனால்" வரக்கூடாது. ஈராக், பலஸ்தீன், முஸ்லிம்களை அடிச்ச திகன, அளுத்கமக் கலவரங்கள் எல்லாம் உண்மையான விசயங்கள்தான். அதுக்கு வேற நாள், வேற அறிக்கை. ஒரே தாளில வைச்சா நீங்க பதிலுக்குப் பதில் தராசு பிடிக்கிறீங்க எண்டுதான் விழும். "ஒரு சிலர் செய்த செயல்" எண்டதும் வேண்டாம். செத்தவங்கட வீட்டுக்கு அந்த "ஒரு சில" பெரிசு.

இன்னொண்டு, பின்னால இருந்து இயக்கினவர் யார் எண்ட கேள்வி. அது கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி. கத்தோலிக்கத் திருச்சபையும் அதையேதான் வருசக்கணக்காக் கேக்குது. முன்கூட்டியே வந்த புலனாய்வுத் தகவலை வைச்சுக்கொண்டு ஒண்டும் செய்யாததுக்காக முன்னாள் ஜனாதிபதி பத்துக் கோடி ரூபா நட்டஈடு கட்டவேணும் எண்டு 2023 ஜனவரி 12-ல உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனா அந்தக் கேள்வியை உங்கட கண்டன அறிக்கையில செருகினா "பழியைத் தள்ளிவிடுறாங்க" எண்டு ஆகும். திருச்சபையோட சேர்ந்து கூட்டா ஒரு கோரிக்கையா வையுங்க. அப்ப அதே கேள்விக்கு எடை இருக்கும்.

சிங்களத்தில கட்டாயம் போகவேணும். கூகிளில போட்டு அனுப்பாதீங்க. தமிழில தீவிரவாதம், பயங்கரவாதம், அடிப்படைவாதம், கடும்போக்கு எண்டு நாலையும் ஒண்டாக் கலந்து எழுதுறம். சிங்களத்தில 'அந்தவாதய' வேற, 'த்ரஸ்தவாதய' வேற. முதலாவது எண்ணம், மற்றது வெடிகுண்டு. மாத்திப் போட்டா உங்கட ஊரிலயே பயங்கரவாதம் நடக்குது எண்டு நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிடும். சிங்களம் படிப்பிக்கிற ஆசிரியர் ஒருத்தரைப் பிடிச்சு, அவருக்குக் காசு கொடுத்து, இரண்டு நாள் விட்டுச் செய்விங்க. உங்கட இருபத்தையாயிரத்தில முதல் செலவு அதுதான். பனர் அடிக்கிறது கடைசி.

---

பழைய மிம்பர்

வஅலைக்கும் ஸலாம் தம்பி.

குத்பாவுக்கு 15 நிமிடம் போதும். நீண்ட தொழுகையும் சுருக்கமான குத்பாவும் ஒருவரின் விளக்கத்துக்கு அடையாளம் என்பது ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் வரும் ஹதீஸ். ஒரே ஒரு விடயத்தை எடுங்கள்: மார்க்கத்தில் எல்லை மீறுதல், அரபியில் குலூ. குர்ஆன் 4:171-உம் 5:77-உம் முன்னைய வேதக்காரரைப் பார்த்து "உங்கள் மார்க்கத்தில் எல்லை மீறாதீர்கள்" என்று சொல்கின்றன. கேட்பவருக்கு அது அவர்களுக்கான எச்சரிக்கையாகத்தான் படும். "அளவு கடந்து துருவுபவர்கள் அழிந்தார்கள்" என்று நபிகளார் மூன்று தடவை சொன்ன ஹதீஸை, அதுவும் முஸ்லிமில் இருப்பது, பக்கத்தில் வைத்தால்தான் அந்த எச்சரிக்கை நம் பக்கம் திரும்பும்.

எல்லோரும் 5:32-ஐ ஓதுவார்கள். பெரும்பாலும் பாதியாக. "ஒருவரைக் கொன்றவர் மனிதர் யாவரையும் கொன்றவர்" என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். பின்வரிசையில் இருக்கிற பதினேழு வயதுப் பொடியன் வீட்டுக்குப் போய் போனில் திறந்து பார்ப்பான். "இன்னோர் உயிருக்குப் பகரமாகவோ பூமியில் குழப்பம் செய்ததற்காகவோ அன்றி" என்று நடுவில் ஒரு நிபந்தனை இருக்கும். தொடக்கத்தில் "இஸ்ரவேலர்களுக்கு விதித்தோம்" என்று இருக்கும். அடுத்த ஆயத்தில் (வசனத்தில்) கடும் தண்டனை இருக்கும். மௌலவி மறைத்துவிட்டார் என்று அவன் முடிவெடுத்தால், பிறகு அவனுக்குப் பாடம் நடத்த யூடியூபில் ஆள் காத்திருக்கிறது. ஆகவே முழுவதையும் ஓதி, 5:33-ஐயும் நீங்களே தொடுங்கள். ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) நூல்கள் அந்த ஆயத்தை வைத்துத்தான் ஹிராபாவைப் பேசுகின்றன: ஆயுதத்தோடு வழிமறித்து ஊரைப் பயமுறுத்தும் கும்பலின் குற்றம் அது. தண்டனை கொடுப்பதும் ஆட்சியின் வேலை, தெருவில் போகிறவருடையது அல்ல. குண்டு வைப்பவர் கையில் எடுக்கும் ஆயத்து, அவர் தலையிலேயே விழும் ஆயத்து என்பதை அப்போது அவன் கண்ணால் காண்பான்.

இணைவைப்போரைக் கண்ட இடத்தில் கொல்லச் சொல்லும் 9:5-உம் இப்படித்தான். அதை மட்டும் தனியே எடுப்பதில் தீவிரவாதியும் இஸ்லாத்தைத் திட்டுபவரும் ஒன்றுபடுகிறார்கள், வேடிக்கைதான். முன்னுள்ள 9:4 உடன்படிக்கையைக் காத்தவர்களை விலக்குகிறது. பின்னுள்ள 9:6, அடைக்கலம் கேட்டு வருபவரைப் பாதுகாப்பான இடம்வரை கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறது. மூன்றையும் சேர்த்து ஓத இரண்டு நிமிடம் போகாது. தேவாலயத்துக்கு 22:40 இருக்கிறது. மடங்கள், தேவாலயங்கள், யூத ஆலயங்கள், பள்ளிவாசல்கள் நான்கையும் ஒரே வரிசையில் வைக்கும் ஆயத்து. உடன்படிக்கையில் வாழ்பவரைக் கொன்றவன் சுவர்க்கத்தின் வாடையையும் நுகரமாட்டான் என்ற ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. ஒரு நாட்டின் அடையாள அட்டையை வைத்துக்கொண்டு வாழ்வதே உடன்படிக்கைதான் என்று ஒரு வரி சொல்லுங்கள், அது எல்லோருக்கும் விளங்கும்.

வரலாறு வேண்டுமென்றால் இஸ்லாத்தின் ஆரம்பகாலத் தீவிரவாதக் கூட்டமான கவாரிஜ்களை எடுங்கள். தபரீயின் வரலாற்றில் வருகிறது: அவர்களில் ஒருவன் மரத்தடியில் விழுந்து கிடந்த பேரீச்சம்பழத்தை வாயில் போட்டான். விலை கொடுக்காமல் எடுத்தாயே என்று மற்றவர்கள் கண்டித்தார்கள், துப்பிவிட்டான். அதே கூட்டம் அதே இடத்தில் நபித்தோழர் கப்பாபின் மகன் அப்துல்லாஹ்வையும் கர்ப்பிணியான அவர் மனைவியையும் கொன்றது. விழுந்த பழத்தில் பேணுதல், மனித உயிரில் இல்லை. இதை அலங்காரமில்லாமல் மூன்று நிமிடத்தில் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். விளக்கினால் கெட்டுவிடும்.

கூடாதது ஒன்று: "அவர்கள் முஸ்லிம்களே அல்லர்." கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒருவரை மார்க்கத்தை விட்டு வெளியே தள்ளும் தக்ஃபீர்தான் அந்தக் கூட்டத்தின் முதல் ஆயுதம். 2004 நவம்பரில் ஜோர்தானில் தொடங்கிய அம்மான் பிரகடனத்தின் மையமே தக்ஃபீரைத் தடுப்பதுதான். 2014 செப்டம்பரில் 120-க்கும் மேற்பட்ட அறிஞர்கள் ஐஎஸ் தலைவர் பக்தாதிக்கு எழுதிய பகிரங்கக் கடிதமும் அதையே சொன்னது. "இவர்கள் முஸ்லிம்கள், இவர்கள் செய்தது பெரும்பாவம், பெருங்குற்றம்" என்று சொல்வது கூடுதல் கசப்பு, ஆனால் அதுதான் நேர்மை.

2019-இல் மௌலவிமார் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா கொலையாளிகளின் உடல்களை ஏற்கமாட்டோம் என்றபோது அந்த ஒரு வரி நாடு முழுக்க மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது. அது சொல்லாக நிற்கவில்லை, செயலாக இருந்தது. தன்னைத் தானே மாய்த்துக்கொண்ட ஒருவருக்கு நபிகளார் ஜனாஸாத் தொழவில்லை என்ற முஸ்லிம் ஹதீஸ் அதற்கு முன்னுதாரணமாக இருந்தது. காஃபிர் (இறைமறுப்பாளர்) என்று சொல்லாமலே கைவிடலாம்.

---

ஒல்லிக்குளத்தாள்

மிம்பர் காக்கா சொன்ன தக்ஃபீர் கதையை நான் முன்னுக்கு இழுக்கிறேன், ஏனெண்டா எல்லாம் தொடங்கினது அங்கதான்.

"முஸ்லிம்கள் ஏன் பேசவில்லை?" எண்டு கேக்கிறவங்களுக்கு காத்தான்குடிக் கதை தெரியாது. ஏப்ரல் 21-க்குத் தலைமை தாங்கின காத்தான்குடி ஸஹ்ரான்ட கூட்டம் முதலில கை வைச்சது தேவாலயத்தில இல்லை, சூஃபி வழியில இருந்த முஸ்லிம்களில. 2017 மார்ச் 10, அலியார் சந்தியில வாளும் பொல்லுமா நடந்தது. அதுக்குப் பிறகுதான் ஆள் தலைமறைவு. முறைப்பாடு செய்தது முஸ்லிம்கள், ஊர்வலம் போனது முஸ்லிம்கள். சாய்ந்தமருதில 2019 ஏப்ரல் 26 சுனாமி வீட்டுத்திட்டத்தில புதுசா வந்து குடியிருந்த ஸஹ்ரான்ட ஆக்களைப் பத்திப் பொலிசுக்குச் சொன்னது ஊர்ச்சனம். அண்டைக்கு அந்த வீட்டில பதினைந்து பேர் செத்தாங்க, ஆறு பேர் பிள்ளைகள். மாவனெல்லையில புத்தர் சிலை உடைச்ச விசயத்தில பொலிசுக்கு உதவின முஸ்லிம் ஒருத்தரை 2019 மார்ச்சில வீட்டுக்குள்ள வைச்சுச் சுட்டாங்க. ஆக, பேசினாங்க. பேசினதுக்கு விலையும் கொடுத்தாங்க. உங்கட அறிக்கையில "நாம் எப்போதும் எதிர்த்தே வந்தோம்" எண்டு வெறுமனே எழுதாம இந்த மூண்டையும் திகதியோட எழுதுங்க.

ஆனா மற்றப் பக்கமும் இருக்கு, அதையும் நாமதான் சொல்லவேணும். 1979-ல ஒரு மௌலவியை மார்க்கத்தை விட்டே வெளியேறினவர் எண்டு பத்வா குடுத்தாங்க. 2006 டிசம்பரில இன்னொரு சூஃபி வழிகாட்டியை அடக்கின பிறகு ஜனாஸாவையே தோண்டி எடுத்தாங்க. அப்ப ஊரில எத்தனை பள்ளி வாய் திறந்தது? வெளியாளைக் கொல்லுறவன் முதலில பக்கத்து ஜமாஅத்தில (வேற வழியில போற முஸ்லிம் அமைப்பில) பழகிக்கொள்றான். குண்டு வெடிச்ச பிறகு வாற கண்டனம்தான் ஆகச் சல்லிசானது. "அவன்ட பின்னால நிண்டு தொழக்கூடாது, அவன் அறுத்ததைச் சாப்பிடக்கூடாது" எண்டு சொல்ற நாளில சொல்ற "நிறுத்து" எண்ட சொல்லுக்குத்தான் பெறுமதி.

செய்முறை கேட்டீங்க. நிர்வாகக் கூட்டத்தில ஒரு பக்கத் தீர்மானம் போடுங்க. வெளியூர்ப் பேச்சாளர் யாரா இருந்தாலும் பெயர், ஊர், தலைப்பு மூண்டும் ஒரு கிழமைக்கு முன்ன எழுத்தில வரவேணும். மிம்பரில (பிரசங்க மேடையில) எந்த ஜமாஅத்தையும் காஃபிர், முஷ்ரிக் (இணைவைப்பவர்) எண்டு சொல்லக்கூடாது. சொன்னா அந்த இடத்திலயே தலைவர் எழும்பி நிப்பாட்டலாம். எல்லாப் பயானும் (மார்க்க உரையும்) பதிவு செய்து மூண்டு மாசம் வைக்கவேணும். இதை அறிவித்தல் பலகையில போடுங்க. வெளியில விடுற அறிக்கையை விட இது கஷ்டம், ஏனெண்டா கையெழுத்து வைக்கிற ஏழு பேரில இரண்டு பேருக்கு அப்படிப் பேசுற சொந்தக்காரர் இருப்பார். தீர்மானம் உடையிறதும் அங்கதான். அதால பெயர் குறிப்பிடாம, எல்லாருக்கும் ஒரே விதியா எழுதுங்க.

பெண்களை மறந்திட்டீங்க. ஆறு பேரிலயும் ஒரு பெண்பிள்ளை இல்லை எண்டு கேள்வியிலயே தெரியுது. மகன் மாறுறதை முதல்ல காண்றது உம்மா. கலியாண வீட்டுக்கு வரமாட்டான், கந்தூரிச் சோறு ஹராம் எண்டுவான், பக்கத்து ஆரையம்பதியில இருந்து வாற பொங்கலைத் தட்டோட திருப்பிவிடுவான், வாப்பாவை முஷ்ரிக் எண்டுவான். இதெல்லாம் குற்றமில்லை. பொலிசுக்குப் போகிற விசயமும் இல்லை, போனா பயங்கரவாதத் தடைச்சட்டத்தில பிள்ளை எத்தனை வருசம் உள்ளுக்கு இருப்பானோ எண்ட பயத்தில எந்த உம்மாவும் வாய் திறக்கமாட்டா. அவ போய்க் கதைக்க ஊரில இரண்டு பேர் இருக்கவேணும், ஒருத்தர் பெண். ஓய்வுபெற்ற ஆசிரியை, மருத்துவமாது, இப்படி ஆரும். அவங்கட பெயரைப் பெண்கள் தஃலீமில (மார்க்க வகுப்பில) சொல்லுங்க, பள்ளி ஸ்பீக்கரில இல்லை.

எங்க கோடு கிழிக்கிறது எண்டு கேட்பீங்க. தாடி, ஹபாயா, அரபுப் பெயர்ப்பலகை, காத்தான்குடி ரோட்டில நிக்கிற பேரீச்சமரம், இதொண்டும் அடையாளமில்லை. 2019 ஏப்ரல் 29 வந்த தடை முகத்தை மூடுறதுக்கு மட்டும். தலையை மூடினவங்களையும் வாசலில மறிச்ச ஆக்கள் இருந்தாங்க, அந்தப் பிழைக்குக் காரணமே இந்தக் கோடு தெரியாததுதான். இன்னொரு மனிசன்ட ரத்தம் ஹலால் எண்டு சொல்றது, வீட்டை விட்டு ரகசியமா ஒளியச் சொல்றது, ஆயுதமோ வெடிமருந்தோ தேடுறது: இந்த மூண்டில ஒண்டு வந்தா அண்டைக்கே பொலிஸ். போறவர் தனியாப் போகக்கூடாது, நிர்வாகத்தில இரண்டு பேரோட போகவேணும். பதிவு, திகதி, இடம், சொன்ன சொல் அப்படியே எழுதி, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொண்டு வரவேணும். அடுத்த ஜமாஅத்தோட இருக்கிற கோபத்துக்கு இதைப் பாவிச்சீங்களெண்டா, அதுவும் ஒரு வகைத் தீவிரவாதம்தான்.

---

மாளிகைக்காட்டான்

லாத்தா, சரியான அடி. பெண்பிள்ளைகள் விசயம் ஒப்புக்கொள்றன், இண்டைக்கே கதைக்கிறம். வதந்திக்கு ஆராவது சொல்லுங்களேன். வட்ஸ்அப்பில ஒரு குரூப் தொடங்கி "உண்மை என்ன?" எண்டு போடலாமா?

---

வேப்பமரம்_சம்மாந்துறை

குரூப் தொடங்காதீங்க தம்பி. பொய் வந்த குரூப்பிலதான் மறுப்பும் போகவேணும். நீங்க தொடங்கின குரூப்பில இருக்கிறது ஏற்கெனவே உங்களை நம்புறவங்க.

பாடம் படிக்க வெளியூர் போகத் தேவையில்லை. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை டவுனில ஒரு சாப்பாட்டுக் கடை. சாப்பாட்டுக்குள்ள ஒரு மாக்கட்டி. "வந்தியாக்கிற மாத்திரை போட்டியா?" எண்டு சிங்களத்தில கூட்டம் சூழ்ந்து கேக்குது. காசாளருக்குச் சிங்களம் ஒழுங்கா விளங்காது. பயத்தில தலையாட்டி "ஓம்" எண்டிட்டார். அது வீடியோவா ஓடினது. அந்த இரவே பள்ளிவாசலும் கடைகளும் அடிபட்டன. அடுத்த கிழமை திகனக் கலவரம். மார்ச் 6 அவசரகாலச் சட்டம், அதோட பேஸ்புக்குக்கும் தடை. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பரிசோதிச்சார், அது மாவுப் பொருள். நிரந்தரமா மலடாக்கிற அப்படி ஒரு மாத்திரையே இல்லை எண்டு உலக சுகாதார நிறுவனமும் சொன்னது. ஆனா வீடியோ ஓடி முடிஞ்ச பிறகு.

இதில எங்க பிடிச்சிருக்கலாம்? வீடியோ எடுக்கிற அந்த ஒரு நிமிசத்தில. ஆகையால் உங்கட முதல் வேலை இணையத்தில இல்லை, கடைகளில. அம்பாறை, மகாஓயா, சியம்பலாண்டுவைப் பக்கம் கடை வைச்சிருக்கிறவங்கட வேலைப் பொடியன்களுக்கு ஒரு சின்ன அட்டை அடிச்சுக் குடுங்க. தமிழ் எழுத்தில இரண்டே வரி: "மட்ட சிங்ஹல தேரென்னெ நே" (எனக்குச் சிங்களம் விளங்காது), "பொலிசியட்ட கதா கரமு" (பொலிசைக் கூப்பிடுவம்). கீழ 119-உம் முதலாளியின்ட இலக்கமும். காசுமேசைக்கு உள்பக்கம் ஒட்டவேணும். விளங்காத கேள்விக்குத் தலையாட்டாதே எண்டு சொல்லிக் குடுக்கிறது அட்டையை விடப் பெரிசு, நம்மட பழக்கமே தலையாட்டுறதுதானே.

வதந்தி வந்தா: முதலில ஆர் பார்க்கிறது எண்டு ஆறு பேரும் நாள் பிரிச்சுக்கொள்ளுங்க. பொய்ப் பதிவின்ட இணைப்பு, போட்டவர் பெயர், நேரம் தெரியிற மாதிரி ஸ்கிரீன்ஷாட், மூண்டையும் சேமிச்ச பிறகுதான் மற்றது. ரிப்போர்ட் அடிச்சு அழிஞ்சிட்டா கையில ஆதாரம் இருக்காது. இதை மாத்திச் செய்றதுதான் எல்லாரும் விடுற பிழை. பிறகு சம்பவம் நடந்ததாச் சொல்ற ஊரின்ட கிராம சேவகருக்கோ பள்ளித் தலைவருக்கோ ஒரு கோல். குர்ஆன் 49:6-ம் செய்தி வந்தா விசாரி எண்டுதான் சொல்லுது. நம்மட ஆக்களுக்குச் சாதகமான பொய்க்கும் அதே விசாரணைதான். முஸ்லிம்களுக்கு ஆதரவா எண்டு கட்டின ஒரு பொய் பிடிபட்டா, அதுக்குப் பிறகு நீங்க சொல்ற நூறு உண்மையும் அம்போதான்.

மறுப்பு மூண்டு வரி. என்ன சொல்றாங்க, என்ன நடந்தது, ஆரிடம் கேட்டம். "இன்று", "நேற்று" எண்டு எழுதவே கூடாது, திகதியும் நேரமும் போடுங்க. "இன்று காலை கல்முனையில்" எண்ட வொய்ஸ் கட் இரண்டு வருசத்துக்குப் பிறகும் சுத்தும். பொய்ப் படத்தை அப்படியே திரும்பப் போடாதீங்க, குறுக்கால பெரிசா "பொய்" எண்டு எழுதிப் போடுங்க. வொய்ஸ் கட் எண்டா முப்பது செக்கன், பேசுறவர் தன்ட பெயரையும் ஊரையும் சொல்லித் தொடங்கவேணும். வாசிச்ச மாதிரிப் பேசினா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க.

சட்டத்துக்குப் போறதெண்டா கொஞ்சம் நிதானம். 2007-ம் ஆண்டு 56-ம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள்) சட்டத்தின்ட 3-ம் பிரிவு மதவெறுப்பைத் தூண்டுறதைத் தடுக்குது. பிணை மேல்நீதிமன்றத்தில மட்டும். கேக்க நல்ல சட்டம். 2019 மேயில ஹசலக்கவில, உடுப்பில கப்பல் சுக்கான் படம் இருந்த முஸ்லிம் பெண்ணை, அது தர்மச்சக்கரம் எண்டு சொல்லி, இதே சட்டத்திலதான் வாரக்கணக்கா விளக்கமறியலில வைச்சாங்க. வாள் இரண்டு பக்கமும் வெட்டும். பாகுபாடு, மறிப்பு, அடையாளத்தைக் காட்டி வேலை மறுத்தது மாதிரி விசயங்களுக்கு மனித உரிமைகள் ஆணைக்குழு நல்லம். மட்டக்களப்பிலயும் கல்முனையிலயும் பிராந்திய அலுவலகம் இருக்கு, 1996-க்கும் எடுக்கலாம்.

செய்திமேசை அண்ணன் சொன்ன சிங்கள மொழிபெயர்ப்பை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்றன். மன்னார்ப் பக்க இளம் கவிஞர் ஒருத்தரை 2020 மேயில பயங்கரவாதத் தடைச்சட்டத்தில பிடிச்சாங்க. அவர்ட தமிழ்க் கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைத் தூண்டுது எண்டு குற்றச்சாட்டு. அதுக்குள்ள வன்முறைக்கு எதிரான கவிதைகள் இருந்தன. 2021 டிசம்பரில பிணை, 2023 டிசம்பரில விடுதலை. தமிழ் வாசிக்கத் தெரியாதவர் கையில போற தாளுக்கு நீங்களே சரியான சிங்களத்தை ஒட்டிவிடாட்டி, வேற ஆரோ ஒட்டுவாங்க.

---

செய்திமேசை_மட்டுநகர்

ஒண்டு விட்டுப்போச்சு. தேவாலயத்துக்குப் போய் அஞ்சலி செலுத்துற எண்ணம் இருந்தா முதலில போதகரிடம் கேளுங்க, இரண்டு கிழமைக்கு முன்ன. வரவேண்டாம் எண்டா போகவேண்டாம், அதைக் குறையா எடுக்கவும் வேண்டாம். வரச் சொன்னா ஐந்தாறு பேர் போதும். பனரும் கமராவும் வேண்டாம். பின்வரிசையில இருந்திட்டு வாங்க. பிள்ளையைப் பறிகொடுத்தவங்க இருக்கிற இடத்தில நல்லிணக்கம் எண்டு செல்பி எடுத்தா அந்தப் படம் உங்களைத்தான் சுடும்.

தமிழ் ஆக்களுக்கு எண்டு ஒரு விசயம், கொஞ்சம் கசப்பானது. 1990 ஓகஸ்ட் எண்டதும் நீங்க முஸ்லிம்கள் கொல்லப்பட்ட காத்தான்குடிப் பள்ளிவாசல்களையும் ஏறாவூரையும் நினைப்பீங்க, நாங்க தமிழர் கொல்லப்பட்ட வீரமுனைக் கோயிலை நினைப்பம். ஒரே மாசம், பத்து நாளுக்குள்ள எல்லாம். தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் எண்டு மேடையில சொல்றதோட அது ஆறாது. அதுக்காக ஏப்ரல் அறிக்கைக்குள்ள அதையும் இழுக்கவேண்டாம். 2020, 21-ல கொரோனாவில செத்த முஸ்லிம்கள்ட ஜனாஸாக்களைக் கட்டாயமா எரிச்ச நேரம், எதிர்ப்பாக வேலியில கட்டின வெள்ளைக் கபன் (பிணத்தைச் சுத்துற) துணியைத் தமிழ் ஆக்களும் கட்டினாங்க. பிறகு 2021 மார்ச்சில ஓட்டமாவடி மஜ்மா நகரில அடக்கத் தொடங்கினாங்க. சொல்றதெண்டா அதைச் சொல்லுங்க, கிட்டடியில நடந்தது, எல்லாருக்கும் ஞாபகமிருக்கு.

---

மாளிகைக்காட்டான்

எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ், நன்றி. ஆறு பேர் இப்ப எட்டு, இரண்டு பெண்பிள்ளைகள். மிம்பர் விதித் தீர்மானம் வாற வெள்ளி கூட்டத்துக்குப் போகுது. லாத்தா சொன்ன மாதிரி இரண்டு பேர் முகத்தைச் சுழிச்சாங்க. அறிக்கையின்ட முதல் பந்தி இது, பாருங்க:

"2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு, நீர்கொழும்பு தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் மக்கள் கொல்லப்பட்ட துயரச் சம்பவத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். அதற்குத் தலைமை தாங்கியவர் எமது மாகாணத்தில் பிறந்து, எமது பள்ளிவாசல்களில் ஓதியவர் என்பதை வேதனையுடன் ஏற்றுக்கொள்கிறோம்."

---

செய்திமேசை_மட்டுநகர்

இரண்டாவது வசனத்தில கை வைக்காதீங்க, ஆராவது எடுக்கச் சொன்னாலும் விடாதீங்க. முதல் வசனத்தில "கொல்லப்பட்ட துயரச் சம்பவத்தை" எண்டு இருக்கு. சுனாமிக்குத்தான் துயரச் சம்பவம் எண்டு எழுதுறது. "மக்களைக் குண்டு வைத்துக் கொன்றதை" எண்டு மாத்துங்க. "வன்மையாக" தேவையில்லை, "கண்டிக்கிறோம்" காணும். மற்றது, இதைப் பாமினியில அடிச்சு யூனிகோடுக்கு மாத்தியிருக்கிறீங்க போல. "ஹோட்டல்" எண்டதில ஹ உடைஞ்சு எனக்குப் பெட்டியாத் தெரியுது. திரும்ப நேரா அடிச்சு அனுப்புங்க.